வெப்பத்துக்கு முன் ஈரத்தைக் கணக்கிடுங்கள்: குமரி மாவட்டக் கட்டடங்களுக்கு ஏசி அமைக்க முழு வழிகாட்டி

டிப்ளமோவோ பி.இ.யோ முடித்துவிட்டு ஏசி வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் பலரோடு நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சைட்டுகளில் நின்றிருக்கிறேன். பாடம் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். எந்த வேலையை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்பதில்தான் தடுமாறுகிறார்கள். அப்புறம், படித்த கணக்கெல்லாம் வெயிலைப் பற்றியது. நம் மாவட்டத்தில் ஏசியைத் தோற்கடிப்பது வெயில் இல்லை, காற்றில் இருக்கும் ஈரம்.

கடை, டியூஷன் சென்டர், அலுவலகம், கிளினிக்கின் காத்திருப்பு அறை போன்ற ஒன்றிரண்டு மாடிக் கட்டடங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஆபரேஷன் தியேட்டருக்கு விதிகளே வேறு. அனுபவமுள்ளவர் கூட இல்லாமல் அதைத் தொடாதீர்கள். அறையைச் சூடாக்கும் வேலை நம் ஊரில் வராது என்பதால் அதையும் விட்டுவிடுகிறேன்.

1. கிளம்பும் முன் பையில் இருக்க வேண்டியவை

டேப், லேசர் அளவி, திசைகாட்டி (போனில் இருந்தால் போதும்), வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் மீட்டர், கிளாம்ப் மீட்டர், காற்று வேகம் அளக்கும் அனிமோமீட்டர். முதல் நாளுக்கு இவை போதும்.

பைப் வேலைக்கு வரும்போது நைட்ரஜன் சிலிண்டரும் அதற்கான ரெகுலேட்டரும், இரண்டு நிலை வாக்யூம் பம்ப், மைக்ரான் கேஜ் (மிகக் குறைந்த அழுத்தத்தை அளப்பது), மேனிபோல்டு கேஜ் (குழாயின் அழுத்தம் காட்டும் முள் கேஜ்), டார்க் ரெஞ்ச் (அளந்து முறுக்கும் ஸ்பானர்), எடைத் தராசு ஆகியவை வேண்டும். மைக்ரான் கேஜை வாங்காமல் தள்ளிப்போடுபவர்கள் அதிகம். மேனிபோல்டில் இருக்கும் முள் வாக்யூம் பக்கம் ‘30 இஞ்சு’ காட்டிவிட்டால் உள்ளே ஈரம் போய்விட்டது என்று நம்பிவிடுகிறார்கள். அந்த முள்ளால் ஈரத்தைப் பார்க்கவே முடியாது. காரணத்தை 9-ஆம் படியில் சொல்கிறேன்.

காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் ஒரே படத்தில் காட்டும் சைக்ரோமெட்ரிக் சார்ட் ஒன்றைப் பிரிண்ட் எடுத்து மடித்துப் பையில் வையுங்கள். ஆப்பில் எண்ணைப் போட்டால் விடை வரும், ஆனால் காற்றின் நிலை சார்ட்டில் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பென்சிலால் இருபது தடவை கோடு போட்டவனுக்கு அது மனதில் பதிந்துவிடும்.

2. கட்டடம் எங்கே நிற்கிறது?

நம் மாவட்டம் சின்னது. ஆனால் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் மூன்று வகைக் காற்று இருக்கிறது. இதைப் பார்க்காமல் நாகர்கோவில் சைட்டுக்குப் போட்ட அதே பொருள் பட்டியலைக் குளச்சலுக்கும் போடுவது பெரிய தவறு.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், கன்னியாகுமரி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று. அவுட்டோர் யூனிட்டின் காயிலில் (குழாய்ச் சுருளில்) செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டி இருக்கின்றன. இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவே உப்பு ஈரம் படிந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு மாவாக உதிரும். இங்கே பூச்சு பூசிய காயில், துருப்பிடிக்காத 316 ரக எஃகு போல்ட், கால்வனைஸ் செய்த தாங்கி மூன்றையும் முதல் மதிப்பீட்டிலேயே எழுதிவிடுங்கள். பிறகு கேட்டால் உரிமையாளர் கூடுதல் செலவு என்று நினைப்பார்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் மலை இடைவெளி வழியாக வரும் காற்று பலமானது. காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை. அவுட்டோர் ஃபேன் காற்றைத் தள்ளும் திசைக்கு எதிரே மேற்குக் காற்று அடித்தால், சூடான காற்று வெளியேற முடியாமல் பிரஷர் ஏறி மெஷின் டிரிப் ஆகும். யூனிட்டைக் காற்றுக்குப் பக்கவாட்டில் திருப்பி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

குலசேகரம், பேச்சிப்பாறை, திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டமும் மழையும். வெப்பம் குறைவு, ஈரம் அதிகம். ‘இங்கே குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது, சின்ன மெஷின் போதும்’ என்பார்கள். மெஷின் சின்னதாக இருக்கலாம், ஆனால் அது ஈரம் எடுக்கும் மெஷினாக இருக்க வேண்டும்.

3. உரிமையாளரிடம் கேட்க வேண்டியவை

டேப்பைப் பிடிக்கும் முன் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். அதிகபட்சம் எத்தனை பேர் இருப்பார்கள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, கதவு எவ்வளவு திறந்து மூடும், கழிவறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதா, மேல்தளத்துக்கு மேல் இன்னொரு மாடி கட்டும் எண்ணம் உண்டா.

ஆட்களின் எண்ணிக்கையை எப்போதும் குறைத்துத்தான் சொல்வார்கள். ‘இருபது பேர்தான்’ என்பார் டியூஷன் நடத்துபவர். நான் பெஞ்சுகளை எண்ணுவேன். பத்து பெஞ்சு, பெஞ்சுக்கு நாலு பேர். கணக்கு நாற்பதுக்குத்தான்.

புதுக் கட்டடம் என்றால் பூச்சு வேலை எப்போது முடிந்தது என்றும் கேளுங்கள். சிமெண்ட் பூச்சு காய மாதக்கணக்காகும். அதுவரை சுவரே அறைக்குள் ஈரத்தை விட்டுக்கொண்டிருக்கும். ‘புது ஏசி சரியில்லை’ என்ற புகாரில் சில இந்தச் சுவரிலிருந்து வருபவைதான். முன்பே சொல்லி வைத்தால் உங்கள் மேல் நம்பிக்கை குறையாது.

4. அளவு எடுப்பது

நீளம், அகலம், உயரம் எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள். விட்டுவிடுவது திசை. எந்தச் சுவர் மேற்கு, அதில் கண்ணாடி எத்தனை சதுர அடி என்று தனியாகக் குறியுங்கள். மேற்குக் கண்ணாடியில் மாலை நாலு மணி வெயில் விழும்போது சதுர மீட்டருக்கு 300 வாட்டுக்கு மேல் உள்ளே வரலாம், அதுவும் உள்ளே திரை போட்ட பிறகு.

மேலே ஏறி மொட்டை மாடியைப் பாருங்கள். தட்டோடு பதித்திருக்கிறதா, வெறும் கான்கிரீட்டா, கறுத்துப் பாசி பிடித்துக் கிடக்கிறதா? கான்கிரீட் மதியம் வாங்கிய சூட்டைச் சில மணி நேரம் கழித்துத்தான் கீழே விடும். அதனால் மாலை வகுப்பு நடக்கும் அறைக்கு, பகல் முழுவதும் பூட்டிக்கிடந்தாலும், கூரைச் சூடு முழுவதும் கணக்கில் வர வேண்டும்.

கடைசியாக, வெளியே நிழலில் நின்று ஈரப்பதத்தை அளந்து எழுதுங்கள். அன்றைய எண்ணை வைத்து டிசைன் செய்யப்போவதில்லை. ஆனால் ‘இன்று 31 டிகிரி, 78 சதவீதம்’ என்று கண்ணால் பார்த்தவனுக்கு அடுத்த படி சுலபமாகப் புரியும்.

5. ஹீட் லோடு (ஏசி நீக்க வேண்டிய சுமை): இதைக் கையால் ஒரு தடவை போடுங்கள்

மென்பொருள் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் பத்துக் கட்டடத்துக்காவது கையால் போட்டுவிட்டு அதோடு ஒப்பிடுங்கள்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, ஏசி இரண்டு வேலை செய்கிறது. காற்றின் சூட்டைக் குறைப்பது ஒன்று. அதை சென்சிபிள் என்போம். காற்றிலிருக்கும் நீராவியைத் தண்ணீராக்கி வெளியே விடுவது இன்னொன்று, அது லேட்டன்ட். தெர்மோஸ்டாட் முதலாவதை மட்டும்தான் பார்க்கும்.

வெளிக்காற்றை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் 32 டிகிரி, 75 சதவீதம் ஈரப்பதம் என்பது சாதாரணம். உள்ளே 24 டிகிரி, 55 சதவீதம் வேண்டும். சார்ட்டில் பார்த்தால், வெளிக்காற்றில் கிலோவுக்குச் சுமார் 22.7 கிராம் நீராவி. உள்ளே வேண்டியது சுமார் 10.2 கிராம். ஒவ்வொரு கிலோ காற்றிலிருந்தும் 12.5 கிராம் தண்ணீரைப் பிழிந்தெடுக்க வேண்டும். அதற்கு 31 கிலோஜூல் போகும். அதே காற்றை 32-லிருந்து 24-க்குக் குளிர்விக்க 8 கிலோஜூல்தான். அதாவது உள்ளே வரும் வெளிக்காற்றில் ஈரத்தின் சுமை சூட்டின் சுமையைப்போல் கிட்டத்தட்ட நாலு மடங்கு!

40 டிகிரி, 30 சதவீதம் என்றிருக்கும் உள்நாட்டு ஊரின் கோடையில் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். சூடு 16 கிலோஜூல், ஈரம் 9. விகிதம் தலைகீழ். அங்கே எழுதப்பட்ட ‘நூறு சதுர அடிக்கு ஒரு டன்’ என்ற வாய்க்கணக்கை இங்கே கொண்டுவந்தால் ஏன் உதைக்கிறது என்று இப்போது தெரியும்.

சரி, ஒரு அறைக்குப் போட்டுப் பார்ப்போம். மேல்மாடி டியூஷன் ஹால். 40 அடிக்கு 20 அடி, உயரம் 10 அடி. மேற்கே 20 அடிச் சுவர், அதில் 60 சதுர அடிக் கண்ணாடி. 40 மாணவர்கள். மாலை நாலரை மணி.

கூரை, வெறும் கான்கிரீட், சதுர மீட்டருக்கு 60 வாட் என்று வைத்தால் 4.4 கிலோவாட். மேற்குக் கண்ணாடி 2.1. வெயில் படும் சுவர்கள் 1.2. விளக்கு, ஃபேன், புரொஜெக்டர் 1. ஆட்கள் ஒருவருக்கு 75 வாட் சூடு, ஆக 3 கிலோவாட். வெளிக்காற்று விநாடிக்கு 150 லிட்டர், அதன் சூடு 1.4. எல்லாம் சேர்ந்து சென்சிபிள் 13.1 கிலோவாட்.

இனி ஈரம். ஆள் ஒருவர் மூச்சிலும் வியர்வையிலும் விடுவது 55 வாட் அளவு, நாற்பது பேருக்கு 2.2. வெளிக்காற்றின் ஈரம் 5.2. லேட்டன்ட் 7.4 கிலோவாட்.

மொத்தம் 20.5 கிலோவாட். ஒரு டன் என்பது 3.517 கிலோவாட், எனவே 5.8 டன். வாய்க்கணக்குப்படி 800 சதுர அடிக்கு 8 டன்.

‘இரண்டு டன் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே, சீக்கிரம் குளிரும்’ என்று உரிமையாளர் மட்டுமல்ல, பல இன்ஜினியர்களே சொல்வார்கள். மழை நாளில் இதே அறைக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். வெளியே 26 டிகிரி, 95 சதவீதம். கூரைச் சூடு இல்லை, வெயில் இல்லை. சென்சிபிள் 5 கிலோவாட்டுக்கு இறங்கிவிடும். லேட்டன்ட் 6.5-க்குக் கீழே இறங்காது. இப்போது 8 டன் மெஷின் ஓடினால் ஐந்து நிமிடத்தில் அறை 24 டிகிரி ஆகும், தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை நிறுத்திவிடும். காயிலில் ஈரம் படிந்து சொட்டத் தொடங்கும் முன்பே நின்றுவிடும். அறை குளிர்ந்திருக்கும், ஆனால் பிசுபிசுவென்றிருக்கும்.

என் தொடக்க காலத்தில் இப்படி ஒரு ஹாலுக்கு நான் வாய்க்கணக்கில் மெஷின் போட்டேன். ஆனி, ஆடிச் சாரல் தொடங்கியதும் அழைத்தார்கள். ‘சாரே, ரூம் நல்லா குளிருது, ஆனா புக்கெல்லாம் நமத்துப்போய் இருக்கு’ என்றார் அங்கே பாடம் எடுக்கும் அக்கா. சுவரில் மாட்டியிருந்த சான்றிதழ்களின் பின்னால் பூஞ்சை. கேஸ் (மெஷினுக்குள் ஓடும் குளிர்விக்கும் வாயு) அளந்தேன், ஃபில்டர் பார்த்தேன், எதிலும் குறை இல்லை. குறை என் கணக்கில் இருந்தது. கோடையையும் வடகிழக்குப் பருவமழையையும் மட்டும் பார்த்து வளர்ந்த ஊர் இல்லை இது. ஜூன் முதல் ஒரு மழைக்காலம், ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. வெயில் நாளுக்கு ஒரு கணக்கு, மழை நாளுக்கு ஒரு கணக்கு என்று இரண்டு போடுவதை அன்றிலிருந்து நான் விட்டதில்லை.

6. முதலில் லோடைக் குறையுங்கள், பிறகு மெஷின்

இந்த வரிசை மாறவே கூடாது. மெஷின் வாங்கிய பிறகு கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால், வாங்கிய மெஷின் பெரிதாகிவிடும்.

மேலே சொன்ன ஹாலில் கூரைக்குத் தட்டோடும் வெள்ளைப் பூச்சும் போட்டு 4.4-ஐ 2-க்குக் கொண்டுவரலாம். மொத்தம் 18.1 கிலோவாட், 5.1 டன். மேற்கே வெளிப்பக்கம் சன்ஷேடோ மூங்கில் தட்டியோ வந்தால் இன்னும் குறையும். உள்ளே போடும் திரையைவிட வெளியே போடும் மறைப்பு நல்லது, சூடு கண்ணாடியைத் தாண்டும் முன்பே நின்றுவிடும்.

இனி கேட்லாக். அதில் எழுதியிருக்கும் டன், உள்ளே 27 டிகிரி உலர் வெப்பம், 19 டிகிரி ஈரக்குமிழ் வெப்பம் (ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டுவது), வெளியே 35 டிகிரி என்ற நிலையில் அளந்தது. நாம் 24-ல் ஓட்டுவோம், அப்போது திறன் கொஞ்சம் குறையும். எனவே 5.1-க்கு நான் மூன்று 2 டன் இன்வெர்ட்டர் (கம்ப்ரசர் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும்) மெஷின் எடுப்பேன். ஒரே பெரிய மெஷின் எடுக்க மாட்டேன். மழை நாளில் ஒன்றை அணைத்துவிட்டு மற்ற இரண்டையும் நீண்ட நேரம் மெதுவாக ஓடவிடலாம். ஓடும் நேரம் நீண்டால்தான் தண்ணீர் இறங்கும்.

கேட்லாக்கில் மொத்தத் திறனோடு சென்சிபிள் திறனையும் தனியாகத் தேடுங்கள். நம் ஹாலில் மொத்தச் சுமையில் ஐந்தில் இரண்டு பங்கு ஈரம். மொத்தத் திறனில் ஐந்தில் நாலு பங்கைச் சூட்டுக்கே செலவிடும் மெஷினைப் போட்டால் எண் பொருந்தும், அறை பொருந்தாது. காற்று வேகத்தைக் குறைத்து ஓட்டினால் ஈரம் எடுக்கும் பங்கு கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

7. இடம் குறிப்பது

கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் வேலையில் இருக்கும்போதே போய்ச் சாக்பீஸால் குறித்துவிட வேண்டும். ‘அண்ணே, இங்க ஒரு மூணு இஞ்சு ஓட்டை, வெளிப்பக்கம் அரை இஞ்சு சரிவா’ என்று பூச்சுக்கு முன் சொன்னால் அவருக்கு ஐந்து நிமிட வேலை. டைல்ஸ் ஒட்டிய பிறகு சொன்னால் சண்டை.

முதலில் குறிக்க வேண்டியது டிரெய்ன் பைப்பின் (ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாயின்) பாதை. மற்றதெல்லாம் வளையும். தண்ணீர் மட்டும் மேல்நோக்கி ஏறாது. நம் ஹாலின் 7.4 கிலோவாட் ஈரத்தைத் தண்ணீராக மாற்றிப் பாருங்கள், மணிக்குச் சுமார் 11 லிட்டர். ஒரு நாள் எட்டு மணி நேரம் அப்படி ஓடினால் 80 லிட்டருக்கு மேல். 100 செ.மீ.க்கு 1 செ.மீ. சரிவாவது வேண்டும். டிரெய்ன் பைப்புக்கும் இன்சுலேஷன் சுற்றுங்கள், உள்ளே ஓடுவது குளிர்ந்த தண்ணீர், வெளியே அதுவும் வியர்க்கும். முனையைக் கழிவுநீர்க் குழாயோடு நேராகச் சேர்த்தால் நாற்றம் உள்ளே வரும். திறந்த முனையில் சின்ன வலை கட்டுங்கள், குளவி மண்கூடு கட்டி அடைத்ததை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

அவுட்டோருக்குப் பின்னால் கை நுழைந்து கழுவ இடம் விடுங்கள். கடற்கரையில் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் காயிலைக் கழுவ வேண்டும். கழுவ முடியாத இடத்தில் மாட்டினால் யாரும் கழுவ மாட்டார்கள். முடிந்தவரை கட்டடம் நடுவே நின்று கடற்காற்றை மறைக்கும் பக்கத்தில் வையுங்கள்.

வெளிக்காற்று எங்கே நுழைகிறது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கழிவறை எக்ஸாஸ்ட் ஓடினால் அது இழுக்கும் அளவுக்குக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வரும். நீங்கள் வழி வைக்காவிட்டால் கதவிடுக்கு, ஃபால்ஸ் சீலிங் வழியாக ஈரக்காற்று நுழைந்து, குளிர்ந்த இடத்தில் பட்டுச் சொட்டும். சிறிய ஃபேனால் ஃபில்டர் வழியாக அளந்து உள்ளே தள்ளி, வெளியேறுவதைவிட உள்ளே வருவது சற்றுக் கூடுதலாக இருக்கும்படி வைப்பதே நல்லது.

8. பைப்பும் இன்சுலேஷனும்

செம்புக் குழாயின் முனைகளை மூடி வைக்காமல் சைட்டில் போட்டு வைப்பது நான் தினமும் பார்க்கும் தவறு. இன்றைய கேஸ்களோடு ஓடும் பிஓஇ என்ற கம்ப்ரசர் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றில் ஒரு இரவு திறந்து கிடந்த குழாய், அடுத்த நாள் உங்கள் வாக்யூம் நேரத்தை இரட்டிப்பாக்கும்.

பிரேசிங் (டார்ச்சால் குழாய்களைப் பற்றவைப்பது) செய்யும்போது குழாய்க்குள் மெல்லிய நைட்ரஜன் ஓட்டம் இருக்கட்டும். இல்லாவிட்டால் உள்ளே கறுப்புச் செதில் படிந்து, பிறகு உரிந்து, கேஸ் போகும் குறுகிய வழியான எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும். விரித்த குழாய்முனையை (பிளேரை) இறுக்கும் பிளேர் நட்டை டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். கால் இஞ்சுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், அரை இஞ்சுக்கு 49 முதல் 61. கையின் பலத்தில் முறுக்குபவர் சின்னக் குழாயை எப்போதும் அதிகமாக முறுக்கிப் பிளேரை மெலிதாக்கிவிடுகிறார்.

இன்சுலேஷன் தடிமன் பற்றிக் கடையில் வாக்குவாதம் வரும். 9 மி.மீ. போதும் என்பார்கள். வெளியே 30 டிகிரி, 85 சதவீதம் என்றால் டியூ பாயிண்ட் (காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) சுமார் 27 டிகிரி. இன்சுலேஷனின் வெளிப்பரப்பு 27-க்குக் கீழே போனால் வியர்க்கும். உள்ளே 10 டிகிரிக் குழாய், அரையே அரைக்கால் (5/8) இஞ்சு விட்டம். நைட்ரைல் ரப்பருக்குக் கணக்குப் போட்டால் 9 மி.மீ.யில் வெளிப்பரப்பு 25 டிகிரிக்கு இறங்கும், 13 மி.மீ.யில் 26.5 அளவில் நிற்கும், இரண்டுமே வியர்க்கும். 19 மி.மீ.யில்தான் 27.5-ஐத் தாண்டும். எனவே ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே போகும் எந்தக் குழாய்க்கும் 19-க்குக் கீழே நான் ஒத்துக்கொள்வதில்லை. மூட்டுகளைப் பசையால் ஒட்டி மூடுங்கள். ஒரு விரல் இடைவெளி இருந்தால் அங்கே நுழையும் ஈரம் குழாய் நெடுக ஓடி, நாலு அடி தள்ளி ஜிப்சம் பலகையில் மஞ்சள் கறையாகத் தெரியும்.

9. நைட்ரஜன் சோதனை, வாக்யூம்

ஆர்32, ஆர்410ஏ என்ற கேஸ்கள் இரண்டுக்குமே பிரஷர் அதிகம். மெஷின் கையேட்டில் சொன்ன அளவுக்கு நைட்ரஜன் ஏற்றி, கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஒரு நாள் விடுங்கள். ஒருபோதும் ஆக்சிஜன் வேண்டாம், எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். இதில் விதிவிலக்கே கிடையாது.

மறுநாள் காலை முள் இறங்கியிருந்தால் பதறி எல்லா மூட்டையும் பிரிக்காதீர்கள். மதியம் 35 டிகிரியில் 400 பிஎஸ்ஐ ஏற்றியிருந்தால், காலை 26 டிகிரியில் அது 388 ஆகத்தான் இருக்கும். வாயு குளிர்ந்தால் சுருங்கும், அவ்வளவுதான். ஏற்றும்போது வெப்பநிலையையும் குறித்து வைக்கச் சொல்வது இதற்காகவே. அதற்கும் கீழே இறங்கியிருந்தால் சோப்பு நுரையோடு தேடுங்கள்.

பிறகு வாக்யூம். காற்றை வெளியேற்றுவது மட்டும் இதன் நோக்கம் இல்லை. குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி எடுக்க வேண்டும். 25 டிகிரியில் தண்ணீர் கொதிக்க அழுத்தம் சுமார் 24,000 மைக்ரானுக்குக் கீழே போக வேண்டும். நாம் 500 மைக்ரான் வரை போகிறோம். மேனிபோல்டு முள்ளில் 24,000-க்கும் 500-க்கும் இடையே உள்ள தூரம் ஒரு மயிரிழை. மைக்ரான் கேஜ் இல்லாமல் ‘அரை மணி நேரம் பம்ப் ஓட்டினேன்’ என்பது பதில் ஆகாது.

500 வந்ததும் பம்பை வால்வால் பிரித்துப் பத்து நிமிடம் பாருங்கள். எண் ஏறி 1,500, 2,000 என்று எங்கோ நின்றுவிட்டால் உள்ளே ஈரம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு. ஈரம் என்றால் கொஞ்சம் உலர் நைட்ரஜன் விட்டு வெளியேற்றி மறுபடி இழுங்கள், தேவைப்பட்டால் மூன்று தடவை. மழைக்காலத்தில் பம்ப் எண்ணெய் சீக்கிரம் பால்போலக் கலங்கும். கலங்கிய எண்ணெயோடு எவ்வளவு நேரம் ஓட்டினாலும் 500 வராது, மாற்றிவிடுங்கள்.

10. கேஸ், முதல் ஓட்டம்

கேஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். மெஷினோடு வந்த அளவு எத்தனை மீட்டர் குழாய்க்கு, கூடுதல் மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது கையேட்டில் இருக்கும். ஆர்410ஏ இரண்டு வாயுக்களின் கலவை, அதைத் திரவமாகத்தான் விட வேண்டும். ஆர்32 தனி வாயு, ஆனால் எளிதில் இல்லாவிட்டாலும் தீப்பற்றும். உள்ளே கேஸ் இருக்கும் குழாயில் டார்ச் வைக்காதீர்கள்.

மின்சாரம் கொடுக்கும் முன் எர்த்தையும் வோல்டேஜையும் அளங்கள் என்று சொல்லாமலே தெரியும். இடிமழைக்காலத்தில் மெஷினின் மின்னணுப் பலகைகள் கெட்டுப்போவது வாடிக்கை என்பதால் சர்ஜ் பாதுகாப்பையும் சேர்த்துவிடுங்கள்.

ஓடத் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் கிரில்லில் தெர்மாமீட்டர் வைத்து, ‘குளிர் போதவில்லை, கேஸ் குறைவு’ என்று முடிவு செய்வது அடுத்த தவறு. ஈரமான அறையில் மெஷினின் சக்தியில் பெரும் பங்கு தண்ணீர் எடுப்பதில் போகும், அதனால் காற்றின் வெப்பம் பாடத்தில் படித்த அளவுக்கு முதலில் இறங்காது. டிரெய்ன் முனையைப் பாருங்கள். தண்ணீர் நன்றாக வந்துகொண்டிருந்தால் மெஷின் வேலை செய்கிறது. இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, உள்ளே போகும் காற்று, வெளியே வரும் காற்று இரண்டின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து எழுதுங்கள். அதோடு ஆம்பியர், சக்ஷன் பிரஷர் (கம்ப்ரசருக்குத் திரும்பும் கேஸின் அழுத்தம்), காற்று வேகம். இந்த ஒரு தாள் பின்னாளில் வரும் எல்லாப் புகாருக்கும் அடிப்படை.

டிரெய்னை மெஷின் தண்ணீரால் மட்டும் சோதிக்காதீர்கள். ஒவ்வொரு மெஷினின் தண்ணீர்த் தட்டிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி முனையில் வருகிறதா என்று ஒருவர் வெளியே நின்று பார்க்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங் மூடும் முன்.

11. ஒப்படைக்கும்போது

ரிமோட்டை உரிமையாளரிடம் மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். தினமும் அதைத் தொடப்போகிறவர் யாரோ, அவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஸ்டார் லேபிள் பெற்ற அறை ஏசிகள் 2020 ஜனவரி முதல் 24 டிகிரியில் தொடங்கும்படியே வருகின்றன. அதை 18-க்கு இறக்கினால் அறை சீக்கிரம் குளிராது. மேலும் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வியர்த்து, ஜன்னல் சட்டத்தில் பூஞ்சை வரும்.

ஃபேனை எப்போதும் ‘ஆட்டோ’வில் விடச் சொல்லுங்கள். கம்ப்ரசர் நின்ற பிறகும் ஃபேன் சுற்றினால் காயிலில் ஒட்டியிருக்கும் தண்ணீர் மறுபடி காற்றோடு அறைக்கே திரும்பும். மழை நாளில் ‘டிரை’ மோடு எப்படி வைப்பது என்று அவர் கையாலேயே ஒரு தடவை செய்யவிடுங்கள். ஏசி ஓடும்போது ஜன்னலைத் திறந்து ‘காற்று வரட்டும்’ என்பவரிடம் 31-க்கு 8 என்ற கணக்கைச் சொல்ல வேண்டாம். டிரெய்ன் முனையில் ஒரு பக்கெட் வைத்துக் காட்டுங்கள், புரிந்துவிடும்.

அறையில் ஒரு சின்ன ஈரப்பத மீட்டரை மாட்டிவிட்டு வாருங்கள், விலை அதிகமில்லை. 60-க்கு மேல் தொடர்ந்து நின்றால் அழைக்கச் சொல்லுங்கள்.

அதன்பின் நீங்களாகவே ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் ஒப்படைத்த வேலையை ஆனிச் சாரலில், மழை பெய்துகொண்டிருக்கும் ஒரு நாளாகப் பார்த்து, உள்ளே ஆட்கள் நிறைந்திருக்கும் நேரத்தில் போய் மறுபடி அளங்கள். அந்த எண்களை ஒப்படைப்புத் தாளின் பின்பக்கத்தில் எழுதி, ஒரு பிரதியை உரிமையாளரிடம் கொடுங்கள்.